கிளட்ச் பெடலில் எண்ணெய் விடுமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில், பழைய சரக்கு வாகனங்களைப் பராமரிப்பது பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். டயர் காற்று, ரேடியேட்டர் தண்ணீர், பேட்டரி ஆகியவை பற்றிக் கட்டுரையாளர் சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு எதுவும் இல்லை. ஆனால், கிளட்ச் பெடல் கிறீச்சிட்டால் அதன் மேற்பக்கத்தில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலை விட்டால் போதும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியைப் பற்றியதே இந்தக் கடிதம். ஒரு வரிக்கு இவ்வளவு நீண்ட மறுப்பா என்று தங்களுக்குத் தோன்றலாம். அதே யோசனையை நம்பி நான் ஒருமுறை கெட்டவன். என்னைப் போல் இருபது, இருபத்தைந்து ஆண்டு ஓடிய வண்டிகளை வைத்துப் பிழைப்பவர்கள் தங்கள் வாசகர்களில் பலர் இருப்பார்கள். ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1998-இல் பதிவான ஆறு டயர் மினி லாரி. எட்டு ஆண்டைக் கடந்த வண்டி என்பதால் ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்குக் காட்டி ஓட்டி வருகிறேன். கொல்லிமலையிலிருந்து அன்னாசி, பலா, வாழைத்தார் ஆகியவற்றைக் கீழே இறக்குவது என் தொழில். காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவுக்கு முன் கியரைக் குறைக்க ஒரு முறை, வளைந்து நிமிர்ந்ததும் கூட்ட ஒரு முறை என்று கணக்கு வைத்தாலே, ஏறி முடிப்பதற்குள் 140 முறை கிளட்சை மிதித்தாக வேண்டும். எதிரே பேருந்து வந்து நின்று வழிவிட்டால் அது தனிக் கணக்கு. இறங்கும்போது ஒரே கியரில் பிடித்து வருவதால் மிதிப்பது குறையும். ஆனாலும் ஒரு நடைக்கு இருநூறு முறைக்குக் குறையாமல் இடது கால் வேலை செய்கிறது. அந்த ஒவ்வொரு மிதிக்கும் பெடலிலிருந்து எண்ணெய் காணாத கிணற்று உருளையின் ஓலம் எழுந்தால், ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கிளீனருக்கும் எப்படி இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்தில், என் வண்டியில் இந்தச் சத்தம் தொடங்கியது. முதலில் காலையில் வண்டியை எடுக்கும்போது மட்டும் இரண்டு மூன்று மிதிக்குக் கேட்கும், பிறகு அடங்கிவிடும். பத்து நாளில் நாள் முழுவதும் கேட்டது. நானும் தங்கள் கட்டுரையாளர் சொன்னதையே செய்தேன். எண்ணெய்க் கேனில் இருந்த பழைய எஞ்சின் ஆயிலை, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, கைக்கு எட்டிய இடத்தில் எல்லாம் விட்டேன். சத்தம் அந்த நிமிடமே நின்றது. எட்டாம் நாள் திரும்ப வந்தது. மறுபடி விட்டேன், இம்முறை நான்கு நாள் நின்றது. மூன்றாவது முறை மழை பெய்த அன்று தானாகவே சத்தம் அடங்கியது கண்டு குணமாகிவிட்டது என்று மகிழ்ந்தேன். ஈரம் புகுந்து சற்று நேரம் வழவழப்பைத் தந்திருக்கிறது என்பதும், அந்த ஈரமே உள்ளே துருவை வளர்க்கும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

இப்படி விட்ட எண்ணெய் எங்கே போயிற்று என்பதுதான் முக்கியம். அதில் பெரும்பகுதி தேவையான இணைப்புக்குள் நுழையவே இல்லை. பெடல் கம்பி வழியாகக் கீழே வழிந்து, மிதிக்கிற ரப்பரின் மீது வந்து தங்கியது. மலையில் 40-ஆவது வளைவைத் தாண்டி ஓரிடத்தில், முன்னால் நின்ற வேன் நகர்வதற்காகக் காத்திருந்து நான் வண்டியை எடுத்தபோது, பாதி விட்டிருந்த கிளட்சிலிருந்து செருப்பு வழுக்கிப் பெடல் படீரென்று மேலே வந்தது. வண்டி ஒரு குதி குதித்து எஞ்சின் அணைந்து, லோடில்லாத வண்டியே ஆனாலும், பின்னால் உருளத் தொடங்கியது. பிரேக் பெடலிலும் எண்ணெய் தெறித்திருந்ததால் அதிலும் கால் நிற்கவில்லை. கை பிரேக்கை இழுத்ததும், கிளீனர் குதித்து ஓடிப் பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டதும்தான் காப்பாற்றின. கிளட்ச் பெடலும் பிரேக் பெடலும் பக்கத்துப் பக்கத்தில், பல வண்டிகளில் ஒரே தண்டில் தொங்குகின்றன என்பதையும், பிரேக் விளக்குக்கான சுவிட்சும் அங்கேயே இருக்கிறது என்பதையும் அந்த இடத்தில் எண்ணெயைக் கொட்டுகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. நானும் நினைக்கவில்லை.

இதற்குப் பிறகு செய்த தவறு இன்னும் செலவானது. ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். அங்கே ஒருவர் பெடலை இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டு, பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னார். கியர்பாக்ஸை இறக்கி, ரிலீஸ் பேரிங்கை மாற்றி, இறக்கியதுதான் இறக்கினோம் என்று பாதி ஆயுள் மீதியிருந்த கிளட்ச் பிளேட்டையும் மாற்றி, இரண்டு நாள் கழித்து வண்டியைத் தந்தார்கள். பட்டறை வாசலைத் தாண்டி முதல் கியர் போட மிதித்தபோது அதே சத்தம், அதே சுருதியில் கேட்டது. பட்டறைக்காரரை மட்டும் நான் குறை சொல்லவில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

முடிவில் அதைக் கண்டுபிடித்தவர், சேந்தமங்கலம் பக்கத்தில் தொழிலை விட்டு வீட்டோடு இருந்த வயதான மெக்கானிக் ஒருவர். அவர் முதலில் செய்தது எஞ்சினை நிறுத்தச் சொன்னதுதான். கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, காலால் மிதிக்காமல் உள்ளங்கையால் பெடலை மெல்ல அழுத்தினார். சத்தம் கேட்டது. எஞ்சின் ஓடாதபோதே கேட்கிற சத்தத்துக்குச் சுழல்கிற எந்தப் பேரிங்கும் காரணமாக இருக்க முடியாது என்று அவர் சொன்னபோதுதான், என் பணம் எதற்காகப் போயிற்று என்பது எனக்கு விளங்கியது. பிறகு, ஒரு முழ நீள டீசல் ஹோஸின் ஒரு முனையைத் தன் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையைப் பெடலின் ஒவ்வொரு இணைப்புக்கும் அருகில் கொண்டுபோனார். நான் மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் கொக்கியில் ஒன்றுமில்லை. மிதியின் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கிளட்சுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டு சேரும் இடத்தில் ஒன்றுமில்லை. பெடல் தொங்குகிற தண்டின் இடப்பக்க முனைக்கு ஹோஸ் போனதும் அவர் முகம் மாறியது. அந்த இடத்தில் என் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். அழுத்தும்போது ஒரு வண்டு உள்ளே அடைபட்டிருப்பதுபோல் விரலுக்கடியில் அதிர்ந்தது.

வாசகர்களுக்கு நான் சொல்ல விரும்புவது அந்தப் பெரியவர் கடைப்பிடித்த வரிசையைத்தான். எஞ்சின் நின்றிருக்கும்போது பெடலை அழுத்தினால் சத்தம் வருமானால், குற்றம் பெடலில், அதன் ஸ்பிரிங்கில், தண்டு அல்லது கேபிள் இணைப்பில், அல்லது கீழே, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் என்ற கூட்டுக்குள் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் என்ற கவையில் இருக்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது சத்தமில்லாமல், ஓடும்போது பெடலை லேசாக அழுத்தியதும் ஓர் இரைச்சல் எழுந்து, காலை எடுத்ததும் நிற்குமானால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். இதற்கு நேர்மாறாக, நியூட்ரலில் காலை எடுத்திருக்கும்போது இரைச்சல் கேட்டு, பெடலை மிதித்ததும் அடங்கினால், அது பெரும்பாலும் கியர்பாக்ஸின் முன்தண்டு பேரிங். இந்த மூன்று சோதனைகளுக்கும் கருவி எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் போதும். கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் எந்த மெக்கானிக்கிடமும், இவற்றைச் செய்து பார்த்தீர்களா என்று கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு.

பெடல் தொங்கும் தண்டு ஏன் காய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சக்கர பேரிங் முழுச்சுற்றுச் சுற்றுகிறது; அதனால் உள்ளே இருக்கும் கிரீஸ் எல்லாப் பக்கமும் பரவிக்கொண்டே இருக்கும். பெடலோ ஒரு சிறு வில் அளவுக்குப் போய்த் திரும்புகிறது. அழுத்தம் எப்போதும் தண்டின் ஒரே பக்கத்தில் விழுகிறது. அந்தப் பக்கத்திலிருந்த கிரீஸ் இருபுறமும் ஒதுங்கிவிடும். ஒதுங்கியது திரும்பி வர வழியில்லை. நாளடைவில் அங்கே தண்டின் உலோகமும் அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற வளையமும் நேராக உரசுகின்றன. உலர்ந்த இரு பரப்புகள் வழுக்கிக்கொண்டே போகாமல், ஒட்டுவதும் விடுபடுவதுமாக, விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிரும்போது எழுவதுதான் நாம் கேட்கிற கிறீச்சொலி. பெடலைத் தாங்கும் பிராக்கெட்டும் காபினின் தகடும் மிருதங்கத் தோல் போல அதைப் பெருக்கிக் காட்டுகின்றன. அதனால்தான் விரல் நகமளவு இடத்தில் பிறக்கும் சத்தம் காபின் முழுவதும் நிறைகிறது. எங்கிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவதும் இல்லை.

என் வண்டியில் தண்டைக் கழற்றி எடுத்தபோது, நான் விட்ட எண்ணெய் என்ன செய்திருந்தது என்பது தெரிந்தது. மேலிருந்த பழைய கிரீஸை அது கரைத்துக் கழுவிவிட்டிருந்தது. மலைப்பாதையின் செம்மண் தூசி அந்த எண்ணெயில் ஒட்டி, கறுப்புச் சாந்தாகி, ஓரங்களில் அடைந்திருந்தது. அதை விரலில் எடுத்துத் தேய்த்தால் உப்புத்தாளைத் தொட்டது போல் நெருநெருவென்றது. சத்தத்தை அடக்குவதாக நினைத்து, ஒரு மாதமாகத் தண்டுக்கு நானே அரைப்பொடி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நைலான் புஷ் ஒரு பக்கம் காகிதமாக மெலிந்து, நீளவாட்டில் பிளந்திருந்தது. தண்டில் நகத்தை ஓட்டினால் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

சரிசெய்த விதத்தை, பழைய வண்டி வைத்திருப்போருக்குப் பயன்படும் என்பதால், சற்று நெருங்கிச் சொல்கிறேன். முதலில், திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் எந்தத் துளையில் எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். அதைக் கழற்றும்போது முகத்தை விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தெறித்தால் கண் போகும். சில வண்டிகளில் மிதிப்பதை இலகுவாக்க இன்னொரு தடித்த உதவி ஸ்பிரிங் இருக்கும். அது அனுபவமில்லாதவர் கை வைக்க வேண்டிய பொருளல்ல. பிறகு சிலிண்டர் தண்டு சேரும் இடத்தின் ஸ்பிளிட் பின்னைக் கழற்றி, பெடலைப் பிரித்து, தண்டை உருவினார்கள். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, காட்டன் வேஸ்ட்டால் துடைத்துக் காயவைத்தார்கள்.

பள்ளம் விழுந்த தண்டை அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டு, தேயாத பக்கத்தை அழுத்தம் விழும் இடத்துக்குக் கொண்டுவருவது பட்டறைகளில் உள்ள பழைய தந்திரம். அப்படியே போட்டுக்கொள்ளலாமே என்று நான் சொன்னேன். தேய்ந்த தண்டு புதுப் புஷ்ஷைச் சீக்கிரம் தின்றுவிடும் என்று பெரியவர் ஒப்பவில்லை. லேத் கடையில் பழைய தண்டின் தேயாத முனையை அளந்து, அதே அளவில் புதுத் தண்டு கடைந்தோம். நைலான் புஷ் அன்று கடையில் கிடைக்காததால், கன்மெட்டல் என்ற வெண்கலக் கலவையில் புஷ் கடைந்து, உள்ளே கிரீஸ் தங்குவதற்கு ஒரு காடி வெட்டினார்கள். கையால் தள்ளினால் தண்டு நுழைய வேண்டும், நுழைந்தபின் ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது என்பதுதான் அவர் லேத்காரருக்குச் சொன்ன அளவு. இறுக்கமாகக் கடைந்துவிட்டால் பெடல் மேலே திரும்பி வராமல் பாதியில் நிற்கும். அது சத்தத்தைவிடப் பெரிய தொல்லை. காடியிலும் தண்டிலும் லித்தியம் கிரீஸ் தடவி, புது ஸ்பிளிட் பின் போட்டு மூட்டினோம். தண்டும் புஷ்ஷும் லேத் கூலியும் சேர்ந்து, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய கூலியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

தேய்மானம் இல்லாமல் வெறும் வறட்சி மட்டும் இருந்தால் இவ்வளவு வேலை தேவைப்படாது. கழற்றி, துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் துருவை எடுத்து, கிரீஸ் வைத்து மூட்டினாலே போதும். கழற்றாமல் செய்கிற சிகிச்சை எதுவும் நிலைக்காது என்பது என் அனுபவம். கடையில் விற்கும் துரு நீக்கும் ஸ்பிரேயை நான் முழுவதும் ஒதுக்கவில்லை. சத்தம் எந்த இணைப்பிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அது நல்ல கருவி. ஓர் இணைப்பில் மட்டும் சிறிது அடித்து, பெடலை அழுத்திப் பார்த்து, சத்தம் நிற்கவில்லையென்றால் அடுத்த இணைப்புக்குப் போகலாம். ஆனால் அது மருந்தாகாது. மெல்லியது என்பதால் சில நாளில் காய்ந்துவிடும். போகும்போது இருக்கிற கிரீஸையும் கரைத்துக்கொண்டு போகும்.

எங்கள் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் என்பதை மார்கழி மாதக் காலையில் குளியலறைக் குப்பியே காட்டும். கொல்லிமலையின் மேல் இரவு நிறுத்திய வண்டியில் அது பெடலுக்குள் மெழுகாக நிற்கும். என் தந்தையார் மாட்டுவண்டி ஓட்டியவர். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து அச்சுக்கு வண்டி மை போடுவார். வெறும் எண்ணெய் ஓடிவிடும், குழைத்தது நிற்கும் என்பது அந்தக் காலத்து வண்டிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

கட்டுரையாளரின் யோசனையில் என்னை மிகவும் அச்சுறுத்துவது வேறொன்று. ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டிகளில், பெடலுக்கு மிக அருகிலேயே மாஸ்டர் சிலிண்டரின் தண்டும் அதன் ரப்பர் உறையும் இருக்கின்றன. சில சமயம் கிறீச்சிடுவது அந்த ரப்பர்தான். அதன்மீது எஞ்சின் ஆயில் பட்டால், பிரேக் ஆயிலுக்கென்று செய்யப்பட்ட அந்த ரப்பர் ஊதிப் பருத்துக் கெட்டுவிடும். உள்ளே சீல் வரைக்கும் போனால் சிலிண்டரே வேலை செய்யாது. ரப்பர் உள்ள இடத்துக்குச் சிலிகான் கிரீஸ் அல்லது பிரேக் வேலைக்கென்று விற்கும் சிவப்பு ரப்பர் கிரீஸ் மட்டுமே பயன்படுத்த வேண்டும். அந்த ரப்பர் உறையை விலக்கிப் பார்த்து உள்ளே ஈரம் இருந்தால், அதை எண்ணெய் விட்டதன் மிச்சம் என்று நினைத்துத் துடைத்துவிட்டுப் போகக் கூடாது. மாஸ்டர் சீல் கசியத் தொடங்கியிருக்கலாம். அதற்குச் சீல்கள் அடங்கிய கிட்டை மாற்றுவதுதான் வழி. சில வண்டிகளில் கிளட்சும் பிரேக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஆயிலை எடுத்துக்கொள்கின்றன. ஆயில் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று அந்த டப்பாவில் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் பிரேக்கும் சேர்ந்து போய்விடும். மூடியின் மேலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று அச்சிட்டிருப்பார்கள். அதை விட்டு வேறெதையும் ஊற்றக் கூடாது.

கீழே, ஃபோர்க் பற்றியும் ஒரு சொல். ஃபோர்க்கைத் தாங்கி நிற்கும் குமிழ் காய்ந்தாலும், எஞ்சின் நின்றிருக்கும்போதே சத்தம் வரும். காபினில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெடலிலிருந்து வருவது போலவே கேட்கும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் வண்டிக்கு அடியில் காது கொடுத்துக் கேட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். அப்படிக் கேட்கிறவர் அடியில் இருக்கும்போது எஞ்சினைத் தொடக் கூடாது, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை இருக்க வேண்டும். பெல் ஹவுசிங்கின் ரப்பர் மூடியைக் கழற்றினால், சில வண்டிகளில் குமிழ் கண்ணுக்குத் தெரியும். மெல்லிய குச்சியின் நுனியில் பட்டாணி அளவு கிரீஸை எடுத்து அங்கே வைக்கலாம். அந்தத் துளை வழியாக ஸ்பிரே அடிக்கவோ எண்ணெய் ஊற்றவோ கூடாது. கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டால் ஏற்றத்தில் எஞ்சின் கத்தும், வண்டி ஏறாது. எண்ணெய் ஊறிய பிளேட்டை மாற்றத்தான் வேண்டும். ரிலீஸ் பேரிங் சில பட்டறைகளில் டீசலில் ஊறவைத்துக் கழுவப்படுவதையும் பார்த்திருக்கிறேன். சீல் செய்து வரும் பேரிங்கின் கிரீஸ் அதோடு கரைந்து போகிறது. கழுவிப் போட்ட பேரிங் சில மாதத்தில் அழத் தொடங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வேலை முடிந்ததும் பெடலின் தொடக்க ஆட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். பெடலைச் சுண்டுவிரலால் அழுத்தினாலே சுமையின்றிப் போகிற அந்த முதல் தூரம் பல பழைய வண்டிகளில் ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கும். தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு உள்ளவற்றில் மிகக் குறைவு. அந்தந்த வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். ஆட்டமே இல்லாமல் வைத்தால் ரிலீஸ் பேரிங் ஓய்வின்றிச் சுழன்று கெடும். கிளட்சின் மேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கமும் அதே கேட்டைத்தான் செய்கிறது; என் கிளீனர் ஓட்டப் பழகியபோது இதற்காக அவரை நான் திட்டாத நாள் இல்லை.

பழைய லாரிகள் சிலவற்றில் பெடல் தண்டுக்கே, கிரீஸ் ஏற்றுவதற்கான சிறு முனையாகிய கிரீஸ் நிப்பிள் வைத்திருப்பார்கள். கிரீஸ் கன்னால் நான்கு அழுத்து அழுத்தினால் முடிகிற வேலை அது. ஆனால் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும்போது நிப்பிள்களின் மேலும் அடித்துவிடுகிறோம். பெயின்ட் காய்ந்து நிப்பிள் வாயில் உள்ள சிறு குண்டை அடைத்துக்கொள்கிறது. அதன்பின் கிரீஸ் கன் வைத்தால் கிரீஸ் உள்ளே போகாமல் வெளியே வழியும். வழிவதைப் பார்த்து உள்ளே நிறைந்துவிட்டது என்று துடைத்துவிட்டுப் போகிறோம். பொட்டு வைப்பதற்கு முன் ஒரு பழந்துணியில் மண்ணெண்ணெய் தொட்டு நிப்பிள்களைத் துடைப்பதையும் பூஜை வேலையில் சேர்த்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் எனக்கு முன்பே தெரியாமல் போனதற்கு ஒரு காரணம், வண்டியோடு வந்த பராமரிப்புக் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. எந்த இணைப்புக்கு எந்த கிரீஸ், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று படத்தோடு அதில் ஒரு பக்கம் இருந்தது. இருபது ஆண்டுக்குப் பின் என் மகள் அதைப் படித்துச் சொன்னபோதுதான் பெடல் தண்டும் அந்தப் படத்தில் இருப்பதை அறிந்தேன். அந்த ஒரு பக்கத்தை வண்டி தயாரிப்பாளர்கள் தமிழில் அச்சிட்டு, காபின் கதவின் உட்புறம் ஒட்டித் தந்தால் எத்தனையோ கியர்பாக்ஸ்கள் வீணாக இறங்காமல் இருக்கும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் மாணவர்களைக் கொண்டு, நம் ஊர்களில் அதிகம் ஓடும் பழைய மாடல்களுக்கு இத்தகைய படங்களை வரையச் சொல்லலாம் என்பது என் யோசனை. வாய்ப்பிருந்தால் தங்கள் ஞாயிறு பக்கத்தில் மாதம் ஒரு மாடல் என்று அவற்றை வெளியிடவும் வேண்டுகிறேன்.

அதற்கு முன்னதாக, பெடலில் எஞ்சின் ஆயில் விடச் சொன்ன வரிக்கு ஒரு சிறு திருத்தம் வெளியிட்டால் நன்றியுடையவனாவேன். இந்த நீண்ட கடிதத்தை முழுவதும் அச்சிட இடமில்லையென்றால், எஞ்சினை நிறுத்திவிட்டுச் சோதிக்க வேண்டும் என்பதையும், ரப்பர் உள்ள இடத்தில் எஞ்சின் ஆயில் படக் கூடாது என்பதையும் மட்டுமாவது வெளியிடுங்கள். ஏற்கெனவே எண்ணெய் விட்டுவிட்டவர்கள், அடுத்த நடைக்கு வண்டியை எடுக்குமுன் கிளட்ச், பிரேக் இரண்டின் பெடல் ரப்பர்களையும் கழற்றிச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து மாட்ட வேண்டும். வரிகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் புதிது வாங்கிப் போட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மினி லாரி உரிமையாளர் ஒருவர்,
சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்.